சக்கர வைரஸும் ஐந்து சொட்டு மருந்தும்

குழந்தைகளின் குடலைத் தாக்கும் ரோட்டாவைரஸுக்கு எதிராக, டில்லி ஆஸ்பத்திரியின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் கண்டெடுக்கப்பட்ட தடுப்பு மருந்து இன்று நாடெங்கும் இலவசமாகத் தரப்படுகிறது. அது தடுப்பது கடும் நோயில் பாதியைத்தான். மீதிப் பாதிக்கு என்ன வழி?

டிசம்பர் குளிர் இறங்கியதும் வட இந்தியாவின் குழந்தைகள் வார்டுகளில் ஒரே கதை திரும்பத் திரும்பக் கேட்கும். முதல் நாள் வாந்தி. கூடவே காய்ச்சல். மறுநாள் தண்ணீராகப் பேதி, ஒரு நாளில் பத்து, பதினைந்து முறை. வீட்டில் பெரியவர்கள் "பல் முளைக்கிறது, அதனால்தான்" என்றிருப்பார்கள். சிலர் கண்ணேறு கழித்திருப்பார்கள். தெருமுனை மருந்துக் கடையில் ஒரு பாட்டில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். பேதியோடு போய்விடுகிறதே என்று பாலையும் சோற்றையும் நிறுத்தியிருப்பார்கள். மூன்றாம் நாள் குழந்தையின் கண்கள் குழி விழுந்து, உச்சிக்குழி உள்வாங்கி, அழுதால் கண்ணீர் வராத நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவார்கள்.

பல்லோ கண்ணேறோ காரணமல்ல. பெரும்பாலும் இது ரோட்டாவைரஸின் வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2005-09 காலத்தில் பல நகரங்களில் நடத்திய கண்காணிப்பில், கடும் வயிற்றுப்போக்குடன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் 40 சதவீதம் பேருக்கு இந்த வைரஸ் இருந்தது. 2013இல் உலகெங்கும் 2,15,000 குழந்தைகள் இதனால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் இந்தியக் குழந்தைகள் 47,100 பேர், அதாவது ஐந்தில் ஒன்றுக்கும் மேல். வேறெந்த நாட்டிலும் இத்தனை மரணங்கள் இல்லை.

வசதியும் சுத்தமும் உள்ள வீடுகளையும் இந்த வைரஸ் விட்டுவைப்பதில்லை. காலராவையும் டைபாய்டையும் சுத்தமான தண்ணீரும் கழிப்பறையும் விரட்டிவிடும். ரோட்டாவைரஸ் அப்படியல்ல. தடுப்பு மருந்து வருவதற்கு முன்பு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் ஒரு முறையாவது அது தொற்றிவிட்டது. காரணம்: மிகச் சில வைரஸ் துகள்களே நோயை உண்டாக்கப் போதும். நோயுற்ற குழந்தையின் மலத்தில் அவை கோடிக்கணக்கில் வெளியேறுகின்றன. கையிலும் பொம்மையிலும் கதவுப் பிடியிலும் ஒட்டிக்கொண்டு நாள் கணக்கில் உயிர்ப்புடன் இருக்கின்றன. பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் உள்ள வித்தியாசம் நோய் வருவதில் இல்லை. வந்த பிறகு பிழைப்பதில்தான் இருக்கிறது.

குடலுக்குள் என்ன நடக்கிறது?

1973இல் மெல்போர்ன் ராயல் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ரூத் பிஷப்பும் அவரது சகாக்களும் வயிற்றுப்போக்கால் அவதிப்பட்ட குழந்தைகளின் சிறுகுடல் திசுவை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, இந்த வைரஸ் முதன்முறையாக மனிதக் குடலில் சிக்கியது. வட்டமாக, நடுவிலிருந்து ஆரக்கால்கள் பிரிவதுபோல் இருந்தது. சக்கரத்துக்கு லத்தீனில் 'ரோட்டா'. அந்தப் பெயரைச் சூட்டலாம் என்றவர் பிரிட்டனின் தாமஸ் ஃபிளிவெட். அதுவரை குழந்தைகளின் பேதியில் பெரும்பகுதிக்குக் காரணம் என்னவென்றே மருத்துவ உலகுக்குத் தெரியாது.

சிறுகுடலின் உட்சுவர் முழுவதும் விரல் விரலாக நுண்ணிய உறிஞ்சிகள் உண்டு. உணவிலிருந்து சத்தையும் தண்ணீரையும் இழுப்பவை அவைதான். ரோட்டாவைரஸ் நேராக அந்த விரல்களின் நுனியில் உள்ள செல்களைத் தாக்கி அழிக்கிறது. உறிஞ்ச ஆளில்லாமல் தண்ணீர் குடலிலேயே தங்கிப் பேதியாகிறது. போதாததற்கு, வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதமே நஞ்சாக வேலை செய்து குடலிலிருந்து மேலும் நீரை வெளியேற்றுகிறது. வைரஸ் ஒன்று இப்படிக் குடல் நஞ்சை உண்டாக்கும் என்பது 1996இல்தான் தெரியவந்தது.

பெரியவர்களுக்கு இது ஒரு நாள் வயிற்று வலியோடு போய்விடும். குழந்தையின் கணக்கு வேறு. பத்து கிலோ எடையுள்ள குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தாலே உயிருக்கு ஆபத்து. வாந்தியும் பேதியும் சேர்ந்தால் அந்த ஒரு லிட்டர் வெளியேற ஒரு நாள்கூடத் தேவையில்லை. அப்படிக் கொல்லப்படுபவர்களில் பெரும்பாலோர் இரண்டு வயதைத் தாண்டாதவர்கள்.

நோய் வராத குழந்தைகள்

இந்தக் கொலைகாரனை அடக்கும் மருந்து கிடைத்த இடம் விசித்திரமானது. 1980களின் நடுவில் டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் (எய்ம்ஸ்) குழந்தை மருத்துவர் மகராஜ் கிஷன் பான் ஒரு புதிரைச் சந்தித்தார். அங்கே பிறந்த சிசுக்கள் பலரின் மலத்தில் ரோட்டாவைரஸ் இருந்தது. ஆனால் பேதி இல்லை, வாந்தி இல்லை. அந்தக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து கவனித்தபோது இன்னொரு உண்மை வெளிப்பட்டது: பின்னாளில் ரோட்டாவைரஸ் பேதி வருவதும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. நோய் தராமல் பாதுகாப்பு மட்டும் தரும் வைரஸை இயற்கையே தயாரித்து அந்த வார்டில் உலவ விட்டிருந்தது. மனித ரோட்டாவைரஸோடு மாட்டு வைரஸின் மரபணுத் துண்டு ஒன்று கலந்து பிறந்தது அது. ஆய்வுக்கூடத்தில் அதற்கு வைக்கப்பட்ட பெயர் 116இ. பெங்களூரிலும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் சி. துர்கா ராவ் இதேபோன்ற இன்னொரு வைரஸைக் கண்டறிந்தார்.

வார்டிலிருந்து சொட்டு மருந்து பாட்டிலுக்கு வர கிட்டத்தட்ட முப்பது வருஷம் ஆயிற்று. இடையில் ஓர் அமெரிக்க அனுபவம் உலகையே தயங்க வைத்தது. 1998இல் அங்கே அனுமதி பெற்ற 'ரோட்டாஷீல்டு' என்ற முதல் தடுப்பு மருந்து, 1999இலேயே திரும்பப் பெறப்பட்டது. சுமார் பத்தாயிரம் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில், குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்து தென்பட்டதே காரணம். 2006இல் வந்த 'ரோட்டாரிக்ஸ்', 'ரோட்டாடெக்' ஆகியவை பல்லாயிரக்கணக்கான குழந்தைகளிடம் சோதிக்கப்பட்ட பிறகே சந்தைக்கு வந்தன. இந்தியாவில் அவற்றின் ஒரு டோஸ் விலை ஆயிரம் ரூபாயைத் தொட்டது. தனியார் டாக்டரிடம் போக வசதியுள்ளவர்களின் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து. சாகும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அமெரிக்க ஆய்வு அமைப்புகள், பாத் நிறுவனம், கேட்ஸ் அறக்கட்டளை ஆகியவை கைகோத்தன. தயாரிக்கும் பொறுப்பை ஹைதராபாதின் பாரத் பயோடெக் ஏற்றது. திருத்தணியைச் சேர்ந்த கிருஷ்ணா எல்லா நிறுவிய கம்பெனி அது. ஒரு டோஸ் ஒரு டாலருக்கு மேல் போகாது என்று கம்பெனி முன்கூட்டியே வாக்களித்தது. 2004 முதல் 2012 வரை அந்தத் துறையின் செயலராக இருந்தவரும் பான்தான். மருந்தைக் கண்டெடுத்தவரே அதை வளர்க்கும் நாற்காலியிலும் அமர்ந்தார்.

2011இல் டில்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் பெரிய சோதனை தொடங்கியது. 4,532 பேருக்கு மருந்து, 2,267 பேருக்கு வெற்றுச் சொட்டு. சந்தையில் ஏற்கெனவே மருந்து இருக்கும்போது சில குழந்தைகளுக்கு வெற்றுச் சொட்டு தருவது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. மூன்று இடங்களின் விவரங்களையும் தனித்தனியே வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையும் பின்னர் எழுந்தது. குடல் செருகல் குறித்த அச்சத்துக்கு விடை தேட, 2016க்குப் பிறகு பல மாநில ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். மருந்துக்கும் குடல் செருகலுக்கும் தொடர்பு தெரியவில்லை என்ற முடிவு 2020இல் வெளியானது.

2013 மே மாதம் சோதனை முடிவு வெளிவந்தது: வாழ்வின் முதல் வருஷத்தில், கடும் ரோட்டாவைரஸ் நோயை மருந்து 56 சதவீதம் குறைத்தது. 2014இல் அனுமதி. 2016 மார்ச்சில் ஆந்திரம், ஹரியானா, இமாசலப் பிரதேசம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் அரசுத் தடுப்பு மருந்துத் திட்டத்தில் சேர்ந்தது. தமிழகம் 2017இல் சேர்ந்தது. 2019க்குள் நாடு முழுவதும் பரவியது. புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் 'ரோட்டாசில்' மருந்தும் துணைக்கு வந்தது. 2018இல் இரண்டு இந்திய மருந்துகளுக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் தர ஒப்புதல் கிடைத்தது. 2020 ஜனவரி 26 அன்று பான் மறைந்தபோது, டில்லி வார்டில் அவர் பார்த்த வைரஸ் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான சொட்டுகளாகக் குழந்தைகளின் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.

பாதிப் பாதுகாப்பு ஏன்?

56 சதவீதம் என்றதும் உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. பணக்கார நாடுகளில் இதே வகை மருந்துகள் 85 சதவீதத்துக்கு மேல் பலன் தந்தன. இந்திய மருந்து மட்டமானதா?

இல்லை. வெளிநாட்டு மருந்தும் ஏழை நாடுகளுக்கு வந்ததும் இளைத்துப்போனது. ரோட்டாரிக்ஸ் தென்னாப்பிரிக்காவில் 77 சதவீதமும் மலாவியில் 49 சதவீதமும்தான் பலன் தந்தது. நம்முடைய ரோட்டாசில் ஆப்பிரிக்காவின் நைஜரில் 67 சதவீதம் காட்டியது. இந்தியச் சோதனையில் 40 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆக, கோளாறு பாட்டிலில் இல்லை. அது இறங்கும் வயிற்றில் இருக்கிறது.

இது வேலூருக்குப் பழகிய புதிர். வாய்வழி போலியோ சொட்டு மருந்து இந்தியக் குழந்தைகளிடம் எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை என்பதை 1970களிலேயே அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டி. ஜேக்கப் ஜான் கண்டறிந்தார். ரோட்டாவைரஸ் விஷயத்தில் அதே கல்லூரியின் ககன்தீப் காங் குழுவினர் வேலூரின் ஏழைக் குடியிருப்புகளில் குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்து மூன்று வயது வரை விடாமல் பின்தொடர்ந்தார்கள். 373 குழந்தைகள் கடைசி வரை கண்காணிப்பில் இருந்தார்கள். 2011இல் வெளியான முடிவு கவலை தந்தது. மெக்சிகோவில் முன்பு நடந்த ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்குக் கடும் நோய் அடுத்து வரவே இல்லை. வேலூரிலோ மூன்று முறை வந்துபோன பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கைத் தொற்றே முழுப் பாதுகாப்பு தராத ஊரில், சொட்டு மருந்திடம் அதைவிட அதிகமாக எதிர்பார்க்க முடியாது.

காரணங்கள் பலவாக இருக்கலாம் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி மருந்தில் உள்ள வைரஸை முளையிலேயே அடக்கிவிடலாம். பிறந்த சில வாரங்களிலேயே வேறு கிருமிகள் குடலில் குடியேறி இடத்தைப் பிடித்துவிடலாம். அசுத்தச் சூழலில் வளரும் குழந்தையின் குடல் சுவர் ஓயாத அழற்சியில் தேய்ந்திருக்கலாம். துத்தநாகமும் நல்ல பாக்டீரியாக்களும் கொடுத்து மருந்தின் வேகத்தைக் கூட்ட வேலூரில் முயன்றார்கள். பெரிய பலன் இல்லை.

பிறந்த சில நாட்களிலேயே சொட்டு மருந்தைத் தொடங்கலாம் என்பது இன்னொரு யோசனை. மெல்போர்னில் ரூத் பிஷப்பின் வழிவந்த குழு, எய்ம்ஸ் கதையைப் போலவே, நோயில்லாத சிசுக்களிடம் கிடைத்த வைரஸிலிருந்து ஒரு மருந்தைத் தயாரித்தது. இந்தோனேசியாவில் பிறந்த ஐந்து நாட்களுக்குள் முதல் டோஸைத் தொடங்கியபோது ஒன்றரை வயது வரை 75 சதவீதப் பாதுகாப்பு கிடைத்ததாக 2018இல் முடிவு வெளியானது. அடுத்த தாவல் இந்தத் திசையில் இருக்கக்கூடும்.

அதுவரை பாதி மருந்தால் என்ன பயன்? சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஓர் ஊரில் பத்துக் குழந்தைகளுக்குக் கடும் நோய் வருகிறது. 90 சதவீத மருந்து ஒன்பது பேரைக் காப்பாற்றும். இன்னொரு ஊரில் நூறு குழந்தைகளுக்கு வருகிறது. 50 சதவீத மருந்து அங்கே ஐம்பது பேரைக் காப்பாற்றும். நோய் மலிந்த நாட்டில் அரைகுறை மருந்துக்குத்தான் வேலை அதிகம்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. ஒன்பது மாநிலங்களில் 31 ஆஸ்பத்திரிகளில் 2016 முதல் 2020 வரை நடந்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. சோதனையில் கண்ட பலன் தெருவிலும் கிடைத்திருந்தது: 54 சதவீதம். வயிற்றுப்போக்கால் ஆஸ்பத்திரியில் சேரும் குழந்தைகளில் ரோட்டாவைரஸின் பங்கு 40 சதவீதத்திலிருந்து சுமார் 20 சதவீதமாக இறங்கியிருந்தது.

மீதிப் பாதிக்கு மருந்து

மிச்சமுள்ள குழந்தைகளைக் காப்பாற்றும் வழி, தடுப்பு மருந்தைவிடப் பழையது, மலிவானது. 1971 வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மஹலனாபிஸிடம் டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. உப்பையும் குளுகோஸையும் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு இருபது, முப்பது பேர் என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. குளுகோஸ் குடல் சுவரைக் கடக்கும்போது உப்பையும் இழுத்துச் செல்கிறது. உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் போகிறது. பேதி நடந்துகொண்டிருக்கும்போதே உடல் தண்ணீரைத் திரும்பப் பெறுகிறது. ரோட்டாவைரஸ் குடலின் எல்லாச் செல்களையும் அழிப்பதில்லை என்பதால் அந்த நோயிலும் இதே தந்திரம் பலிக்கிறது.

ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் இந்தக் கரைசல் எல்லாக் குழந்தைகளுக்கும் போய்ச் சேரவில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வில், பேதி கண்ட குழந்தைகளில் சுமார் 61 சதவீதம் பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். கிடைத்திருந்தது. துத்தநாகம் கிடைத்தது ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு மட்டுமே. போதாக்குறைக்கு, சர்க்கரை மிகுந்த பழரச பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கி மருந்துக் கடைகளிலேயே விற்றன. அதிகச் சர்க்கரை குடலுக்குள் மேலும் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். குழந்தை மருத்துவர்களின் நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களில் இந்தப் பெயரைப் போடக்கூடாது என்று தடை விதித்தது.

தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் மூன்று தவணை ரோட்டாவைரஸ் மருந்து. அரசு மையங்களில் காசு கிடையாது. ரோட்டாவாக் என்றால் தவணைக்கு ஐந்து சொட்டு. அதையும் மீறிப் பேதி வந்தால், உறையில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில் முழு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தையும் கரைத்து, கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடர வேண்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. பொட்டலம் கைக்கு வரும்வரை உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் உதவும். தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தவே கூடாது. டாக்டர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் வரை தர வேண்டும்.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பெரியவர்களுக்கான பேதி நிறுத்தும் மாத்திரை குழந்தைக்கு ஆபத்து. கண் குழி விழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, எதையும் குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

எந்தத் தடுப்பு மருந்தும் தனியாக இந்தப் போரை ஜெயித்துவிடாது. ரோட்டாவைரஸ் பின்வாங்கிய நாடுகளில் நோரோவைரஸ் போன்ற பங்காளிகள் முன்னுக்கு வந்திருக்கின்றன. நல்ல தண்ணீரும் கழிப்பறையும் மற்றக் கிருமிகளை விரட்டி, மருந்து எடுபடும் குடலைக் குழந்தைக்குத் தரக்கூடும். அது அரசாங்கம் வருஷக்கணக்கில் செய்ய வேண்டிய வேலை. ஆனால் இன்றிரவு பேதியில் துவளும் குழந்தைக்கு வருஷங்கள் இல்லை, சில மணி நேரம்தான் இருக்கிறது. அதைக் காப்பாற்றத் தேவையான பொட்டலம் அங்கன்வாடியில் கிடைக்கிறது. அதை வீட்டில் இப்போதே வாங்கி வைத்திருக்கிறோமா என்பதுதான் கேள்வி.